கட்டடம் கேட்காதீர்கள், பணியிடம் கேளுங்கள்: மருத்துவ வசதிக்கு மனு எழுதும் மலை மக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை காலை ஊட்டி பிங்கர்போஸ்ட் கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மருத்துவ வசதி கேட்டு வரும் மனுக்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிகின்றன: "எங்கள் ஊருக்கு நவீன வசதியுடன் மருத்துவமனை கட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." தலைமுறை மாறினாலும் வாசகம் மாறவில்லை. தேதி விட்டுப்போவது, கையெழுத்து மறப்பது எல்லாம் அங்கேயே சரிசெய்யக்கூடியவை. மனுவையே செல்லாக்காசு ஆக்கும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

கட்டடம் கேட்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், ஊருக்குப் பத்து வருடத்தை இழக்க வைப்பதும் இதுதான்.

சுகாதார நிலையம் இயங்க டாக்டர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் வேண்டும். அந்தப் பணியிடங்கள் முதலில் அரசாணையில் உருவாக வேண்டும். சம்பளத்துக்கு நிதித்துறை ஒப்ப வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்க வேண்டும். கடைசியில், கலந்தாய்வில் ஒருவர் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் எந்தப் படி நின்றாலும் கட்டடம் பூட்டியே கிடக்கும்.

அரசியல் முட்டுக்கட்டையும் இங்கேதான் இருக்கிறது. கட்டடத்துக்கு எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியில் வழி உண்டு. ஒருமுறைச் செலவு, அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். சம்பளத்துக்கு அந்த நிதியைத் தொட முடியாது. செவிலியர் பணியிடம் ஒன்றைச் சேர்த்தால் அரசுக்கு அது வருடா வருடம் வரும் செலவு, அதற்குத் திறப்பு விழாவும் கிடையாது. நாம் கட்டடம் கேட்டால், கொடுக்கச் சுலபமானதைக் கொடுத்துவிட்டு "கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். மறுபடி போனால், "உங்க ஊருக்குத்தான் கொடுத்தாச்சே" என்கிறார்கள்.

அப்படி முடிந்த இடத்தின் பிரசவ அறையைத் திறந்து பார்த்தால் மேசை மெத்தையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்காது. மலை ஈரத்தில் உறைக்குள் கரும்பூஞ்சை படர்ந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் டாக்டர் பெயருக்கு நேரே "மாற்றுப் பணி" என்று எழுதியிருக்கும்.

இந்த "மாற்றுப் பணி"யைப் புரிந்துகொள்ளாமல் மனு எழுதவே கூடாது. பணியிடம் நம் ஊரில் இருக்கும், ஆள் வேறு மருத்துவமனையில் வேலை பார்ப்பார். காகிதத்தில் காலியிடமே இருக்காது. அதனால் "டாக்டர் இல்லை" என்று எழுதினால் "பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது" என்று பதில் வரும். அது பொய்யும் ஆகாது.

ஆகவே மனுவுக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கேள்விகள் நான்கு: பதவி வாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, எந்த அரசாணைப்படி? நிரப்பப்பட்டவை எத்தனை? மாற்றுப் பணியில் இருப்பவர் எத்தனை பேர், எந்தத் தேதி முதல்? கடந்த ஆறு மாதத்தில் மாதவாரியாகப் புறநோயாளிகள், பிரசவங்கள் எத்தனை? "ஏன் டாக்டர் இல்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள், காரணம் சொல்லக் கடமையில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பதில் கைக்கு வந்தபின் மனுவின் வாசகம் தானாக மாறும்: "இந்த அரசாணைப்படி உள்ள இரண்டு டாக்டர் பணியிடங்களில் ஒன்று இந்தத் தேதி முதல் மாற்றுப் பணியில் உள்ளது. அந்த உத்தரவை ரத்து செய்க." இதற்குப் புது நிதி ஒரு ரூபாயும் வேண்டாம். 24 மணி நேரப் பிரசவ வசதி கேட்பவர்கள் செவிலியர் கணக்கையும் போட்டுக்காட்டுங்கள். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், வார விடுப்புக்கு ஒருவர், ஆக நான்கு.

வேறு மேசைக்கு எழுதுவது

ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர். கூடலூர், கோத்தகிரி போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர். ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். மூன்றும் தனித்தனி இயக்குநரகங்கள்.

கிராம சபை வரட்டும் என்று காத்திருப்பது

சோலூர், கேத்தி, ஓவேலி, தேவர்சோலை எல்லாம் பார்க்கக் கிராமம், சட்டப்படி பேரூராட்சி. அங்கே ஊராட்சிக் கிராம சபை கிடையாது. வார்டு கவுன்சிலர் மூலம் மன்றத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பையும் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) பாருங்கள்: 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர். தீர்மான நகலைக் கையில் வாங்குங்கள்.

சமவெளிக் கணக்கை ஒப்புக்கொள்வது

"உங்கள் மக்கள்தொகைக்கு இன்னொரு நிலையம் வராது" என்றால், எந்த அளவுகோல் என்று கேளுங்கள். மத்திய அரசின் வரையறைப்படி சமவெளியில் துணை நிலையத்துக்கு 5,000 பேர், ஆரம்ப நிலையத்துக்கு 30,000 பேர். மலை, பழங்குடிப் பகுதியில் 3,000, 20,000. அதே 60,000 பேருக்குச் சமவெளிக் கணக்கில் 12 துணை நிலையம், நம் கணக்கில் 20.

நிலத்தின் வகை பார்க்காமல் இடம் காட்டுவது

கூடலூர், பந்தலூரில் இது பெரிய பொறி. காட்டிய இடம் 1969-ம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் செக்‌ஷன் 17 நிலமாக (உரிமை யாருக்கு என்று முடிவாகாத குத்தகை நிலம்) இருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணுக்கு நிலத்தின் வகை கேளுங்கள். வன நிலம்தான் இருக்கிறது என்றால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் காட்டுங்கள். மருத்துவமனைக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் நிலம் கேட்கலாம். அந்தச் சட்டம் சொல்லும் கிராம சபையின் (ஊரின் வயதுவந்தோர் எல்லாரும் சேர்ந்தது) பரிந்துரை வேண்டும்.

காப்பீட்டு அட்டை போதும் என்பது

அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான். மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும், கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறி ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் போகும் டாக்சிக்கும் அது உதவாது.

தேர்தலுக்குப் பின் போவது

தாய்லாந்தில் அனைவருக்குமான மருத்துவச் சட்டம் 2002-ல் வந்தது. 2001 தேர்தலுக்கு முன்பே அங்கே மக்கள் அமைப்புகள் மசோதா வரைவைக் கையில் வைத்துக்கொண்டு 50,000 கையெழுத்துத் திரட்டத் தொடங்கிவிட்டன. வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது நம் கையிலும் பணியிடப் பட்டியல் இருக்க வேண்டும்.

அறிவிப்பைக் கொண்டாடுவது

சட்டசபையில் மானியக் கோரிக்கையின்போது வந்தது அறிவிப்பு. அரசாணை எண் வரும்வரை பட்டாசு வேண்டாம்.

யார் பெயரில் என்று யோசிக்காமல் போடுவது

தகவல் மனு போட்டவரே மேல்முறையீடும் போட வேண்டியிருக்கும். அவர் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தால் வீட்டைக் காட்டி மிரட்ட முடியும். சொந்த வீடு உள்ள ஒருவர் பெயரில் போடுங்கள். நகல், ஒப்புதல் சீட்டு எல்லாம் இரண்டு வீடுகளில் இருக்கட்டும். ஆடி மழையில் ஒரு வீட்டுக் காகிதம் நனைந்துபோகலாம்.