இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி மீட்டர் லைட்டை எண்ணிப் பாருங்க

2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப வேதாரண்யம், மன்னார்குடி பக்கமெல்லாம் எத்தனை நாள் இருட்டுல கிடந்துச்சுன்னு யாரும் மறந்திருக்க மாட்டீங்க, அதனாலயே டெல்டாவுல ஐப்பசி பொறந்தா பேட்டரி விசாரிக்க கிளம்பிடறோம். ஆனா கடையில சொல்ற சைஸை அப்படியே வாங்கிடாதீங்க.

மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக்கும் பாருங்க, ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். நிறைய மீட்டர்ல 3200. கரண்ட் போனா எது ஓடணுமோ அதை மட்டும் போட்டுட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 16 தடவைன்னா, 60ஆல பெருக்கி 3200ஆல வகுத்தா 0.3 கிலோவாட், அதாவது 300 வாட், நாலு பழைய ஃபேன் இழுக்கறது அவ்ளோதான்.

12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரில, ரெண்டையும் பெருக்கினா, 1800 வாட் மணி இருக்கு, ஆனா லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரியோட சார்ஜை பாதிக்கு மேல அடிக்கடி இறக்கினா சீக்கிரம் போயிடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னுடும், அதனால அந்த நாலு ஃபேனுக்கு ரெண்டரை மணி நேரம்னு வச்சுக்கங்க. அதே ஃபேனை கரண்ட் கம்மியா இழுக்கற 30 வாட் பிஎல்டிசி மோட்டார் ஃபேனா மாத்திட்டா அதே பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும்! என்னைக் கேட்டா முதல்ல ஃபேனை மாத்துங்க, அப்புறம் பேட்டரி. தண்ணி மோட்டாரை இந்தக் கணக்குல சேர்க்கவே வேணாம், மழை அறிவிப்பு வந்தா கரண்ட் இருக்கும்போதே டேங்கை ரொப்பி வச்சிடுங்க.