ஜிம்முக்கு மெம்பர்ஷிப் சாஃப்ட்வேர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெமோவில் வரும் உறுப்பினர் ஓர் உத்தமர். 1ஆம் தேதி சேருவார், கேட்ட தொகையை ஒரே தவணையில் கட்டுவார், நடுவில் ஊருக்குப் போகமாட்டார், கால் சுளுக்காது, பேக்கேஜை மாற்றச் சொல்லமாட்டார். அவரை வைத்துக் காட்டினால் எந்த சாஃப்ட்வேரும் அழகாகத்தான் தெரியும். ஜிம் ரிசப்ஷனில் தினமும் வந்து நிற்பவர்கள் வேறு ரகம்: பாதிப் பணம் கட்டியவர், 2 வாரம் நிறுத்தி வைக்கச் சொல்பவர், தம்பியின் கார்டோடு வந்தவர், மிச்சமிருக்கும் பி.டி. (தனிப் பயிற்சி) செஷன்களை மனைவி பெயருக்கு மாற்றக் கேட்பவர். இந்தக் கோணல் கேஸ்களை சாஃப்ட்வேர் எப்படிக் கையாளுகிறது என்று பார்க்காமல், வசதிப் பட்டியலை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதில்தான் பெரும்பாலான தலைவலிகள் தொடங்குகின்றன.

டெமோவை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது

விற்பவர் கையில் மவுஸ் இருக்கும்வரை எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். சோதனைக் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் ரிசப்ஷனில் உட்காருபவரையே இயக்கச் சொல்லுங்கள். கீழே உள்ள கேஸ்களைக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும்.

ஜனவரி 31 அன்று ஒருவரை மாதச் சந்தாவில் சேருங்கள். பிப்ரவரியில் அடுத்த பில் 28க்கு வரும், சரி. மார்ச்சில் அது 31க்குத் திரும்புகிறதா, 28லேயே ஒட்டிக்கொள்கிறதா? ஒட்டிக்கொண்டால் உறுப்பினருக்கு 3 நாள் நட்டம்; கேள்வி கேட்க ஒருவராவது வருவார். அதோடு, "1 மாதம்" என்பதும் "30 நாள்" என்பதும் ஒன்றல்ல. 30 நாள் திட்டத்தில் 12 முறை கட்டினால் 360 நாள்தான் ஆகிறது. நோட்டீஸில் ஒன்றை அச்சிட்டுவிட்டு சாஃப்ட்வேரில் இன்னொன்றை வைத்திருக்கும் ஜிம்கள் நிறைய.

அடுத்தது ஃப்ரீஸ். 90 நாள் திட்டத்தில் 40 நாள் முடிந்தவர் 15 நாள் நிறுத்தி வைக்கக் கேட்கிறார். 10ஆம் நாளே திரும்பி வந்துவிடுகிறார். அன்றைக்கு அவருக்கு 50 நாள் மிச்சம் இருக்க வேண்டும். முடிவுத் தேதி 10 நாள்தான் தள்ளிப்போக வேண்டும், 15 அல்ல. சில சாஃப்ட்வேர்களில் வாசல் கதவை நிறுத்துவதும் தானியங்கிக் கட்டணத்தை நிறுத்துவதும் தனித்தனி சுவிட்ச். ஒன்றை அமுக்கி மற்றதை மறந்தால், காலில் கட்டோடு வீட்டில் படுத்திருப்பவரின் கணக்கிலிருந்து பணம் போய்விடும். அந்த உறுப்பினர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பேக்கேஜ் மாற்றம். 30 நாளுக்கு 300 கட்டியவர், 20 நாள் முடிந்ததும் 450 திட்டத்துக்கு மாறுகிறார். மிச்சமுள்ள 10 நாளின் மதிப்பு 100. புதிய சுழற்சியை இன்றே தொடங்கினால் அவர் 350 கட்ட வேண்டும். பழைய சுழற்சி முடியும்வரை வித்தியாசத்தை மட்டும் வாங்கினால் 50. இரண்டுமே நியாயமான கணக்குதான். உங்கள் ஜிம்மின் வழக்கம் எதுவோ அதை சாஃப்ட்வேர் செய்ய வேண்டும். "அதை மேனுவலாக அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று பதில் வந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரிசப்ஷனில் கால்குலேட்டர் வரப்போகிறது என்று பொருள்.

பாக்கி வைத்திருப்பவர், தம்பதித் திட்டத்தில் ஒருவர் மட்டும் விலகுவது, 10 பி.டி. செஷனில் 4 முடிந்தபின் டிரெய்னர் வேலையை விட்டுப்போவது (மிச்சம் 6க்கான கமிஷன் யாருக்கு?), 18 வயதுக்குக் கீழுள்ளவருக்குப் பெற்றோர் கையெழுத்து. இவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

உறுப்பினர் பட்டியலை அப்படியே கொட்டிவிடலாம் என்று நம்புவது

"உங்கள் எக்செல் ஷீட்டைக் கொடுங்கள், நாங்கள் ஏற்றிக்கொள்கிறோம்" என்பார்கள். ஏறும், எப்படி ஏறும் என்பதுதான் விஷயம்.

தேதிகள் முதல் ஆபத்து. நாள்-மாதம்-ஆண்டு என்று நீங்கள் வைத்திருப்பதை மாதம்-நாள்-ஆண்டு என்று எதிர்த்தரப்பு படித்தால், 13ஆம் தேதியும் அதற்கு மேற்பட்டவையும் பிழை காட்டி நின்றுவிடும், அதனால் பயமில்லை. 12 வரையிலான தேதிகள்தான் சத்தமில்லாமல் புரண்டுவிடும். மார்ச் 5 அன்று முடிய வேண்டியவர் மே 3 வரை ஓசியில் வருவார். தேதிகளை 2025-03-05 என்ற வடிவில் கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

எக்செலின் குணங்களும் தெரிந்திருக்க வேண்டும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) இருமுறை கிளிக் செய்து திறந்தால் எண்களின் முன்னாலுள்ள பூஜ்ஜியங்கள் விழுந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணில் 16ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். சேமித்தபின் அதை மீட்க வழியில்லை. நீளமான கார்டு எண்கள் இப்படித்தான் பாழாகின்றன. அந்த நெடுவரிசைகளை முதலிலேயே டெக்ஸ்ட் வகையாக மாற்றி இறக்குமதி செய்யுங்கள். தமிழிலோ வேறு எழுத்திலோ பெயர்கள் இருந்தால் கோப்பை யூடிஎஃப்-8 என்ற (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும்) வடிவில் சேமிக்காவிட்டால் கேள்விக்குறி வரிசைதான் மிஞ்சும்.

ஒருவரை அடையாளம் காண மொபைல் எண்ணை மட்டும் சாவியாக வைக்காதீர்கள். ஒரே வீட்டில் 3 பேர் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இறக்குமதியில் 3 பேரும் ஒருவராகிவிடுவார்கள். பழைய உறுப்பினர் எண்ணைத் தனி நெடுவரிசையில் கூடவே கொண்டுபோங்கள்.

முதலில் கோணல் கேஸ்களாகப் பார்த்து 20 பேரை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். முழுப் பட்டியலும் ஏறியபின் 4 எண்களைப் பழையதோடு ஒப்பிடுங்கள்: நடப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கை, மொத்தப் பாக்கி, பயன்படுத்தாத செஷன்களின் கூட்டுத்தொகை, அடுத்த 30 நாளில் முடிபவர்களின் எண்ணிக்கை. நான்கில் ஒன்று இடித்தாலும் மேலே போகாதீர்கள்.

கதவை சாஃப்ட்வேரோடு இணைப்பதை எளிதாக நினைப்பது

"பயோமெட்ரிக் சப்போர்ட் உண்டு" என்ற ஒற்றை வரியில் எதுவும் தெரியாது. யார் உள்ளே வரலாம் என்ற முடிவை யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்: கதவருகில் உள்ள கருவியா, இணையத்துக்கு அப்பால் உள்ள சர்வரா? சர்வர் என்றால், இணையம் துண்டிக்கப்பட்ட காலை 6 மணிக்கு வாசலில் கூட்டம் நிற்கும். நல்ல அமைப்பில் கருவி பட்டியலைத் தன்னிடமே வைத்திருந்து, இணைப்பு வந்ததும் வருகைப் பதிவுகளை மேலே அனுப்பும். இதைச் சோதிக்க ரவுட்டர் கேபிளை உருவிவிட்டு, நடப்பில் உள்ள ஒரு கார்டையும் முடிந்துபோன ஒரு கார்டையும் காட்டுங்கள். பிறகு கருவியின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டு, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கைரேகை அலுவலகத்துக்கு ஒத்துவரும் அளவுக்கு ஜிம்முக்கு ஒத்துவராது. பார்பெல் பிடித்துக் காய்த்த தோல், சாக் பவுடர், வியர்வை எல்லாம் சென்சாரைக் குழப்பும். முகம் பார்க்கும் கருவி, கார்டு, மொபைல் க்யூஆர் இவற்றில் ஏதாவது ஒன்று மாற்று வழியாக இருக்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சாதாரண ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையில் படிக்கப்படும்) கார்டுகளை மலிவான கருவியிலேயே நகலெடுத்துவிடலாம். குறியாக்கம் உள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகள் மேல். மாறாத க்யூஆர் குறியீடு ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் நண்பருக்குப் போய்விடும். சில விநாடிக்கொருமுறை மாறுவதாக இருக்க வேண்டும். ஒரே கார்டு சில நிமிடத்துக்குள் இரண்டாம் முறை உள்ளே வர முயன்றால் தடுக்கும் வசதியையும் கேளுங்கள்.

மின்காந்தப் பூட்டு மின்சாரம் போனால் திறந்துகொள்ளும். ஆபத்தில் அது உயிர் காப்பது. ஆளில்லாத இரவு நேரத்திலோ கதவு ஆவென்று கிடக்கும். யுபிஎஸ் போடுங்கள். ஆனால் வெளியேறும் வழியை ஒருபோதும் மெம்பர்ஷிப்போடு கட்டாதீர்கள். உள்ளேயிருந்து எவரும், எப்போதும், கையால் திறக்க முடிய வேண்டும்.

கைரேகையும் முகமும் பாஸ்வேர்டு மாதிரி மாற்றக்கூடியவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் எனும் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள், ஆளை அடையாளம் காணப் பயன்படும் பயோமெட்ரிக் தகவலைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் வகையில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008லேயே எழுத்துபூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்கிவிட்டது. உங்கள் ஊர்ச் சட்டம் எப்படியிருந்தாலும், ஒப்புதல் வாங்கி வைக்கும் இடமும், உறுப்பினர் விலகியதும் ரேகையை அழிக்கும் வசதியும் சாஃப்ட்வேரில் இருக்க வேண்டும்.

தானியங்கிக் கட்டணத்தில் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேளாமல் விடுவது

உறுப்பினரின் கார்டு எண் ஒழுங்கான எந்த சாஃப்ட்வேரிலும் நேரடியாகச் சேமிக்கப்படாது. பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) அதைப் பத்திரப்படுத்தி, பதிலுக்கு ஒரு டோக்கன் (கார்டு எண்ணுக்குப் பதிலான குறியீடு) தரும். மாதாமாதம் பணம் எடுப்பது அந்த டோக்கனை வைத்துத்தான். கேட்வே கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா, சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பெயரிலா? அவர்கள் பெயரில் என்றால், நீங்கள் வேறு சாஃப்ட்வேருக்கு மாறும் நாளில் டோக்கன்கள் பெரும்பாலும் கூட வராது. 600 உறுப்பினர் இருந்தால் 600 பேரிடமும் கார்டை மறுபடி பதியச் சொல்லி நிற்க வேண்டும். பணம் கட்டிக்கொண்டு ஆனால் ஜிம் பக்கமே வராத ஆட்கள் அந்தச் செய்தியைப் பார்த்ததும்தான் தாங்கள் உறுப்பினர் என்பதையே நினைவுகூர்வார்கள்.

கட்டணம் தோல்வியடையும்போது என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். கணக்கில் பணம் போதவில்லை என்றால் சில நாள் கழித்து மறுபடி முயல்வதில் அர்த்தம் உண்டு. ஒரே நாளில் 3 முறை முட்டுவதில் இல்லை. கார்டு காலாவதி என்றால் எத்தனை முறை முயன்றாலும் வீண், புதிய கார்டு பதியும் இணைப்பை அனுப்ப வேண்டும். இரண்டு காரணத்தையும் பிரித்தறியாத சாஃப்ட்வேர் வசூலைக் கோட்டைவிடும். முதல் தோல்வியிலேயே கதவு மூடிக்கொள்கிறதா, 3 அல்லது 5 நாள் அவகாசம் வைக்க முடிகிறதா என்பதும் முக்கியம்.

சாஃப்ட்வேரின் மாத வாடகையை மட்டும் ஒப்பிடுவது

"இத்தனை உறுப்பினர் வரை" என்ற விலையில் உறுப்பினர் என்றால் யார்? ஃப்ரீஸில் இருப்பவர், முடிந்துபோனவர், ஒருநாள் டிரையலுக்கு வந்து பெயர் கொடுத்தவர் எல்லாரும் எண்ணப்பட்டால் 2ஆம் ஆண்டில் நீங்கள் மேல் அடுக்குக்கு ஏறிவிடுவீர்கள். செய்தி அனுப்பும் செலவு, கூடுதல் கதவு, இன்னொரு கிளை, உங்கள் பெயரில் மொபைல் ஆப், அமைத்துத் தரும் கூலி என எல்லாவற்றையும் சேர்த்து 36 மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். பேமெண்ட் கமிஷன் வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள்: மாத வசூல் 5,000, சாஃப்ட்வேர் வாடகை 50 என்றால், கமிஷனில் 1 சதவீதம் கூடினாலே செலவு இரட்டிப்பு.

எல்லாருக்கும் ஒரே லாகின்

ரிசப்ஷனில் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கும் ஜிம்மில், எந்த சாஃப்ட்வேரும் கல்லாவைக் காப்பாற்றாது. ஆளுக்கொரு லாகின் வேண்டும். அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கும் சாஃப்ட்வேரைத் தள்ளிவிடலாம். ரசீதை அழிக்க யாராலும் முடியக்கூடாது. காரணம் எழுதி ரத்து மட்டுமே செய்ய முடிய வேண்டும். பின்தேதியிட்ட பதிவுக்கும், வரம்பு தாண்டிய தள்ளுபடிக்கும் மேலாளர் அனுமதி தேவை. ரொக்கத்தை எல்லாரும் கண்காணிப்பார்கள். தெரிந்தவருக்கு முடிவுத் தேதியை 15 நாள் நீட்டிக் கொடுப்பதை யாரும் பார்ப்பதில்லை. யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்ற பதிவு அதற்காகத்தான்.

டாஷ்போர்டு எண்களை அப்படியே நம்புவது

மாதத் தொடக்கத்தில் 400 பேர், 24 பேர் விலகினர், 30 பேர் சேர்ந்தனர் என்றால் விலகல் விகிதம் 24ஐ 400ஆல் வகுத்து 6 சதவீதம். புதியவர்களையும் சேர்த்து 430ஆல் வகுத்தால் 5.6 என்று காட்டி மனதைக் குளிர்விக்கும். 4 நாள் தாமதமாகப் புதுப்பித்தவரை "விலகினார், பிறகு புதிதாகச் சேர்ந்தார்" என்று எண்ணும் சாஃப்ட்வேரும் உண்டு. அப்போது விலகலும் சேர்க்கையும் இரண்டுமே வீங்கித் தெரியும். இதேபோல, ஒருவர் ஆண்டுக் கட்டணம் 2,400ஐ மொத்தமாகக் கட்டினால், அந்த மாதம் வந்த பணம் 2,400. ஈட்டிய வருமானம் 200தான். இரண்டையும் தனித்தனி அறிக்கையாகத் தராத சாஃப்ட்வேரை நம்பிப் புது மெஷின் வாங்கினால், வறண்ட மாதங்களில் வாடகைக்குத் திண்டாட வேண்டியிருக்கும்.

நினைவூட்டல் செய்திகள் பற்றி ஒரு சொல். வாட்ஸ்அப்பின் வணிக இணைப்பில், உறுப்பினர் கடைசியாகச் செய்தி அனுப்பி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருவை மட்டுமே அனுப்பலாம். "எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்" என்று சொல்பவர் வேறு குறுக்குவழியில் அனுப்புகிறார்; ஒருநாள் எண் முடங்கும்.

மாறும் நாளைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது

புத்தாண்டுச் சேர்க்கைக் கூட்டத்துக்கு நடுவே மாறாதீர்கள். சேர்க்கை மந்தமான மாதத்தில், ஒரு முழு பில் சுழற்சிக்குப் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் தானியங்கிக் கட்டணம் ஒன்றில் மட்டுமே இயங்க வேண்டும். இரண்டிலும் விட்டால் எல்லாரிடமும் இருமுறை பணம் எடுக்கப்படும். ஜிம்மில் கூட்டம் காலை 5 முதல் 9 வரை, மாலை 5 முதல் 10 வரை. அந்த நேரத்தில் உதவி எண்ணை அழைத்து எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார்கள் என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பிரிவு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, விலகியபின் தகவல் எத்தனை நாள் இருக்கும். சோதனைக் கணக்கிலேயே எக்ஸ்போர்ட் பொத்தானை அமுக்கி வரும் கோப்பைத் திறந்து பாருங்கள். பெயரும் மொபைல் எண்ணும் எல்லாரும் தருவார்கள். வருகை வரலாறு, மிச்ச செஷன்கள், ஃப்ரீஸ் பதிவுகள், பாக்கி, கையெழுத்திட்ட பொறுப்புத்துறப்புப் படிவங்கள் ஆகியவையும் அதில் வருகின்றனவா என்று பாருங்கள். வராதவற்றை எந்த வடிவில், எத்தனை நாளில் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.