வடக்கு ஐரோப்பாவில் குளிர்கால செமஸ்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் பின்லாந்துக்கோ ஸ்வீடனுக்கோ ஒரு செமஸ்டர் படிக்கக் கிளம்பும் மாணவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது வெப்பநிலையைத்தான். மைனஸ் 15, மைனஸ் 20 என்று கண்ணில் பட்டதும் பயந்துபோய்ப் பெட்டி கொள்ளாத அளவுக்குக் கம்பளி வாங்கி அடைக்கிறார்கள். காற்றில்லாத, ஈரமில்லாத மைனஸ் 15 குளிரை, சரியாக உடுத்தியவர் சிரமமில்லாமல் தாங்கிக்கொள்வார். ஆளைச் சாய்ப்பவை வேறு: உடம்போடு ஒட்டிய வியர்வை, காற்று, உருகி மறுபடி உறைந்த நடைபாதை, நான்கு மணிக்குள் கவிந்துவிடும் இருட்டு, தவறிப்போன கடைசிப் பேருந்து. பெரும்பாலான தவறுகள் இவற்றைக் கணக்கில் எடுக்காததால்தான் நேர்கின்றன.

சனிக்கிழமை இரவில் போய் இறங்குவது

வார இறுதியில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடுவார்கள். ஆனால் மாணவர் விடுதி அலுவலகம் பெரும்பாலும் வேலை நாளில், அலுவலக நேரத்தில்தான் அறைச்சாவி தரும். ஜனவரி 1 மட்டுமல்ல, ஜனவரி 6-ம் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் அரசு விடுமுறை. இது தெரியாமல் 5-ஆம் தேதி இரவு போய் இறங்கினால் சாவி 7-ஆம் தேதிதான். மிச்சம் பிடித்த டிக்கெட் பணம், அதுவரை தங்கும் ஹாஸ்டலின் வாடகைக்கே போய்விடும். வேலை நாளில், மதியத்துக்குள் நகரத்தைச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.

அறை கிடைத்ததும் அடுத்த அதிர்ச்சி காத்திருக்கும். பின்லாந்தில் மாணவர் அறைகள் பல, கட்டில் மெத்தைகூட இல்லாமல் வெறும் அறையாகத்தான் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கட்டில், மெத்தை, விளக்கு, திரைச்சீலை எல்லாம் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாணவர் சங்கங்கள் தலையணை, போர்வை, பாத்திரம் கொண்ட தொகுப்பை வாடகைக்குத் தருகின்றன. அது சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு அவசியம்.

ஸ்வீடன் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குபவருக்கு அங்கே பொதுவாக 'பெர்ஷூன்நும்மர்' என்ற அடையாள எண் கிடைக்காது. அது இல்லாமல் பேங்க்-ஐடி என்ற மின்னணு அடையாளம் இல்லை. பேங்க்-ஐடி இல்லாவிட்டால், ஊரே பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஷ் செயலியும் இல்லை. பல கடைகளில் ரொக்கமும் வாங்குவதில்லை. எனவே வெளிநாட்டில் தட்டிச் செலுத்தும் வசதி இயக்கப்பட்ட இரண்டு கார்டுகளாவது, இரண்டு வேறு வங்கிகளிலிருந்து, கையில் இருக்கட்டும்.

தடிமனான ஒற்றைக் கோட்டை நம்புவது

ஊரிலேயே பெரிய கோட்டு ஒன்றை வாங்கி, அதற்குள் பருத்தி பனியனும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு போவது மிகப் பரவலான தவறு. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. பேருந்தைப் பிடிக்க ஐந்து நிமிடம் ஓடுகிறீர்கள், முதுகு நனைகிறது. நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும்போது அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடுகிறது. கோட்டு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

மூன்று அடுக்குதான் கணக்கு. உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், நடுவில் ஃபிலீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். காற்றைத் தடுக்கும் வெளி அடுக்குதான் பலருக்கும் விடுபட்டுப்போகிறது. மைனஸ் 10-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். கடலோர ஹெல்சிங்கியில் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் செய்யும் வேலையை, பின்னல் இடைவெளி வழியே காற்று புகும் ஸ்வெட்டர் இரண்டு போட்டாலும் செய்யாது. வீட்டை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். இறங்கும்போதே கதகதப்பாக இருந்தால் கொஞ்ச தூரத்திலேயே வியர்க்கும். பேருந்துக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நல்ல சூடு இருக்கும், ஏறியவுடன் ஜிப்பைத் திறந்துவிடுங்கள்.

தெர்மல் இரண்டு செட்டும், இறங்கும் நாளுக்கு ஒரு ஜாக்கெட்டும் ஊரிலிருந்து கொண்டுபோனால் போதும். கனமான கோட்டும் பூட்ஸும் அங்கேயே பழைய துணிக்கடைகளில் நல்ல தரத்தில் கிடைக்கும். பின்லாந்தில் யுஎஃப்எஃப், ஸ்வீடனில் மிரோர்னா, நார்வேயில் ஃப்ரெடெக்ஸ் கடைகளில் தேடலாம்.

பூட்ஸ் வாங்கும்போது நம் வழக்கமான அளவைக் கேட்காதீர்கள். உள்ளே கனமான கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் விரல்களை அசைக்க முடிய வேண்டும். அதற்கு அரை அளவோ ஒரு அளவோ கூடுதலாக வேண்டியிருக்கும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், காற்று அடுக்கும் நசுங்கும், விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். மூக்கு நுனியோ விரலோ வெளிறி மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது; பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். உள்ளே போய், உள்ளங்கைச் சூட்டிலோ அக்குளுக்குள் வைத்தோ மெதுவாகச் சூடேற்றுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பூஜ்யத்தை ஒட்டிய நாள்களை அலட்சியப்படுத்துவது

"இன்று பூஜ்யம்தானே, பரவாயில்லை" என்று சாதாரண ஷூவில் இறங்கும் நாளில்தான் மணிக்கட்டு முறிகிறது. மைனஸ் 15-ல் பனி மணல் மாதிரி நெறுநெறுவென்றிருக்கும், கால் பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டி வெப்பம் ஏறி இறங்கும்போதுதான் பகலில் உருகிய நீர் இரவில் கண்ணாடிப் படலமாக உறைகிறது. அதன்மேல் மெல்லிய புதுப்பனி விழுந்து மூடினால் கண்ணுக்கே தெரியாது. துருவ வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும் கடல் நீரோட்டத்தால் நார்வேயின் ட்ரோம்சோவில் குளிர் மிதம்தான், அதனாலேயே அந்தத் தெருக்கள் மிகவும் வழுக்கும். ஷூவுக்கு மேல் மாட்டும் ஆணிப் பட்டையை ஸ்வீடிஷில் 'ப்ரொட்டார்' என்பார்கள், பல்பொருள் கடைகளிலும் கிடைக்கும். கடைக்குள்ளோ கல் தளத்திலோ நுழையும்போது கழற்றிவிடுங்கள், அங்கே ஆணியே வழுக்கும். அடி சிறிதாக, எடை முன்காலின் மேல் வரும்படி நடந்தால் விழும் வாய்ப்பு குறையும். சட்டைப் பைக்குள் கைவிட்டு நடக்காதீர்கள்.

இருட்டுக்கு ஒரு சின்னப் பொருள் உயிர் காக்கும். கார் விளக்கு தாழ்ந்த ஒளியில் இருக்கும்போது, கறுப்புக் கோட்டுக்காரரை ஓட்டுநர் சுமார் 50 மீட்டரில்தான் பார்ப்பார். ஒளி எதிரொளிப்பான் (ரிஃப்ளெக்டர்) தொங்கவிட்டவரை சுமார் 150 மீட்டரிலேயே பார்த்துவிடுவார். பின்லாந்தில் இருட்டில் சாலையோரம் நடப்பவர் இதை அணிய வேண்டும் என்று போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது. கோட்டின் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் ஆடும்படி தொங்கவிடுங்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை. நம் போன்ற கருத்த தோலுக்கு இது இன்னும் கூடுதல் பாதிப்பு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் என்பது நோர்டிக் நாடுகளின் பரிந்துரை. கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாப்லாந்துக்கு டிசம்பரில் போவது

இது எங்கள் உறுதியான கருத்து: ஒரே ஒரு முறைதான் வடகோடியில் இருக்கும் லாப்லாந்து பக்கம் போக முடியும் என்றால் டிசம்பரில் போகாதீர்கள். பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் நடுவிலோ போங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பின்லாந்தின் ரோவனியேமியில் சூரியன் இருப்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. கிறிஸ்துமஸ் கூட்டத்தால் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். மார்ச் நடுவில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், பனியும் அப்போதுதான் ஆழமாகப் படிந்திருக்கும், துருவ ஒளி (அரோரா) பார்க்கப் போதுமான இருட்டும் இரவில் உண்டு.

துருவ ஒளிக்காகப் போகிறவர்கள், புவிக்காந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளக்கும் கே-பி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மேகத்தை மறந்துவிடுகிறார்கள். ட்ரோம்சோ துருவ ஒளி வளையத்துக்கு நேர்கீழே இருப்பதால் கே-பி 2 இருந்தாலே போதும். வானம் மூடியிருந்தால் 6 இருந்தும் ஒன்றும் தெரியாது. ஹெல்சிங்கியிலோ ஸ்டாக்ஹோமிலோ 5-க்கு மேல் வேண்டும், ஊர் வெளிச்சத்தை விட்டும் விலக வேண்டும். நார்வேக் கரையில் மேகம் அதிகம். மலைகளின் மறைவில் இருக்கும் ஸ்வீடனின் அபிஸ்கோவில் தெளிந்த இரவுகள் அதிகம். ஒரே இரவை நம்பாமல் குறைந்தது மூன்று இரவுகள் ஒதுக்குங்கள். கேமராவுக்கு முக்காலி வேண்டும். ஐஎஸ்ஓ 1600, துளை 2.8, ஐந்து முதல் பத்து நொடி என்று தொடங்கிப் பாருங்கள். திரும்பி அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் சூடான காற்றின் ஈரம் லென்ஸின் மேலும் உள்ளும் படியும். போன் உள்சட்டைப் பையில் இருக்கட்டும். குளிரில் 40 சதவீத சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும், டிக்கெட்டும் அதில்தான் இருக்கும்.

இடைவெளி விடாமல் பயணம் போடுவது

ஸ்டாக்ஹோமிலிருந்து அபிஸ்கோவுக்கு இரவு ரயிலில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், புயல் வந்தால் இன்னும் தாமதம். ஸ்வீடனின் கிருனாவிலிருந்து நார்வேயின் நார்விக் போகும் ஈ-10 மலைச்சாலையும் புயலில் மூடப்படும், அல்லது வண்டிகளை வரிசையாக்கி, முன்னால் பனி வாரும் வண்டி செல்ல அனுப்புவார்கள். தேர்வுக்கு முந்தின நாள் திரும்பும்படி டிக்கெட் எடுக்கவே கூடாது. ரயில் மாறிப் போக வேண்டியிருந்தால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் ரயிலின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. வானிலையால் விமானம் ரத்தானால் இழப்பீடு கிடைக்காவிட்டாலும், ஐரோப்பிய விதிப்படி உணவும் தங்குமிடமும் தரவேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. கவுன்டரில் கேளுங்கள். தராவிட்டால் நீங்களே செலவழித்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்தும் எஸ்டோனியாவும் ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கை விட ஒரு மணி நேரம் முன்னே. ஸ்வீடனின் ஹாப்பராண்டாவும் பின்லாந்தின் தோர்னியோவும் பாலம் கடந்தால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் கடிகாரம் வேறு. எந்த நாட்டு நேரம் என்று பார்த்துவிட்டுப் பேருந்து பிடியுங்கள்.

டிசம்பர் 24 பிற்பகலிலிருந்து நகரங்கள் அடங்கிவிடும். கடைகள் மூடும், பேருந்துகள் குறையும், பல்கலைக்கழக உணவகமும் இருக்காது. மூன்று நாளைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறியை 23-ஆம் தேதியே வாங்கி வையுங்கள்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போவது

எல்லைச் சோதனையைக் கைவிட ஒப்பந்தம் செய்துகொண்ட ஷெங்கன் நாடுகளுக்கிடையே சோதனையே இல்லை என்று நினைப்பது தவறு. கோபன்ஹேகனிலிருந்து மால்மோ போகும் ரயிலிலும், எஸ்டோனியாவின் தாலினுக்குப் போகும் கப்பலிலும் பாஸ்போர்ட்டைக் கேட்கலாம். அசல் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதி அட்டையும் சேர்ந்தே இருக்க வேண்டும், போனில் எடுத்த படம் உதவாது. உங்கள் அனுமதி பின்லாந்தினுடையது என்றால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எல்லாம் சேர்த்து 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும். ஸ்வால்பார்டு நார்வேயினுடையதுதான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழைவு விசாவில் அங்கே போனால் திரும்பி நார்வேக்குள் நுழைய முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

உறைந்த ஏரியில் இறங்குவது

யாரோ நடந்த தடம் தெரிகிறது என்பதற்காக ஏரிமேல் இறங்காதீர்கள். திடமான, தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது ஸ்வீடனில் சொல்லப்படும் அளவு. பாலத்தடி, ஆற்று முகத்துவாரம், நாணல் ஓரம், கப்பல் போகும் வழி ஆகிய இடங்களில் அதே ஏரியிலும் கடலிலும் கட்டி மெலிந்திருக்கும். மேலே பனி மூடியிருந்தால் கட்டி மெதுவாகத்தான் தடிக்கும். மார்ச் வெயில் பட்ட பிறகு தடிமன் இருந்தும் வலு இருக்காது. உள்ளூர்க்காரரோடு, கழுத்தில் கூர்முனைப் பிடிகளை மாட்டிக்கொண்டு போங்கள். விழுந்தால் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, பிடிகளைக் குத்தி, வயிற்றால் ஊர்ந்து வெளியே வர வேண்டும். எழுந்து நின்றால் மறுபடி உடையும்.

அவசர எண் பின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், எஸ்டோனியாவில் 112. நார்வேயில் 112 காவல்துறைக்கு, ஆம்புலன்ஸுக்கு 113, தீயணைப்புக்கு 110. பின்லாந்தில் '112 சுவோமி' செயலி வழியாக அழைத்தால் நீங்கள் இருக்கும் இடமும் சேர்ந்தே போய்விடும். பெயர்ப்பலகை இல்லாத காட்டுப்பாதையில் அந்த வசதி வேண்டும், கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.