மேப்பிள் இலையில் ஒரு வாழ்த்து அட்டை

டொரண்டோவில் அக்டோபர் பிறந்துவிட்டால் நடைபாதையெல்லாம் மேப்பிள் இலைதான். அந்த மாதத்தின் இரண்டாவது திங்கள்கிழமை இங்கே தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி சொல்லும் பண்டிகை. பக்கத்து வீட்டுக்கு அன்று ஓர் அட்டை கொடுக்க நினைத்தால் பத்து நாள் முன்னாலேயே இலை பொறுக்கிவிடுங்கள்.

பத்து நாள் எதற்கு? இலை காயத்தான். முதல் வருஷம் நான் பொறுக்கிய கையோடு ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அது பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு, அட்டையையும் சேர்த்து இழுத்து வளைத்துவிட்டது.

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இலைகளாக எடுங்கள். சிவப்பு ஒன்று, மஞ்சள் இரண்டு இருந்தால் அழகு. (மஞ்சள் இலையில் முன்பே இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாவது.) ஈரத்தைத் துடைத்து, ஒன்றோடொன்று படாமல் செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்ற மறக்காதீர்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தொட்டால் சரசரத்தால் இலை தயார்.

அடுத்து அட்டை. இங்கே கடையில் கிடைப்பது 8.5 × 11 அங்குலத் தடித்த தாள். 11 அங்குலப் பக்கத்தைப் பாதியாக வெட்டினால் இரண்டு அட்டைக்கு ஆகும். ஒவ்வொன்றையும் மடித்தால் 4.25 × 5.5 அங்குலம். அப்படியே மடித்தால் விளிம்பு பிசிறடிக்கும். ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நடுவில் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள், கடை அட்டை மாதிரி இருக்கும்.

இனி ஒட்டுவது. காம்பை அடியோடு வெட்டிவிடுங்கள், அது இருந்தால் இலை தூக்கிக்கொண்டே நிற்கும். பசைக்குச்சியைத் தேய்த்தால் காய்ந்த இலை நொறுங்கும். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் இலையின் பின்பக்கம் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். முனைகளை விட்டுவிடாதீர்கள். ஒட்டியதும் மேலே பேக்கிங் தாள் (கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்), அதன்மேல் புத்தகம், ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். அப்புறம் இலைக்குக் கீழே 'நன்றி' என்று எழுதினால் போதும். ஜிகினா எல்லாம் வேண்டாம், இலையின் நிறம் அடிபட்டுப் போகும்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தபாலில் அனுப்புவதாக இருந்தால் உண்மை இலை வேண்டாம். செடி, இலை என்றால் சுங்கத்தில் தடுக்கலாம். அதற்கு வேறு வழி உண்டு. காயாத இலையை நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, மெல்லிய தாளால் மூடி, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு நரம்பாக எழுந்து வரும். அதை வெட்டி ஒட்டிவிடலாம். இதற்குப் பத்து நாள் காத்திருக்கவும் வேண்டாம்.