டிரம் ஆறிவிட்டது, உரம் தயாரா?

இரண்டு வருஷத்துக்கு முன், சித்திரை வெயிலில் மொட்டைமாடி உர டிரம்மைத் திறந்தேன். கறுப்பாக, பொலபொலவென்று, தொட்டால் சூடே இல்லை. வாழைப்பழத் தோல், வேப்பஞ்சருகு எதுவும் அடையாளம் தெரியவில்லை. சரி, தயார் என்று மண்ணோடு சரிபாதி கலந்து, பைகளில் நிரப்பி, பதினாறு தக்காளி நாற்று நட்டேன். தண்ணீர் ஊற்றிய ஆறாம் நாள் இலை வெளுத்து, நுனி கருக ஆரம்பித்தது. பைக்குள் விரலை விட்டால் வெதுவெதுப்பு, முகர்ந்தால் புளித்த மாவு வாடை. பதினொரு நாற்று போய்விட்டது.

உரம் மக்கி ஆறவில்லை, காய்ந்து ஆறியிருக்கிறது. ஈரம் வற்றியதும் நுண்ணுயிர்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டன. தண்ணீர் பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, நாற்றுக்குச் சேரவேண்டிய தழைச்சத்தையும் வேர்ப்பக்கத்துப் பிராணவாயுவையும் இழுத்துக்கொண்டன.

அதனால் இப்போது எந்தச் சோதனைக்கும் முன்னால் உரத்தை நனைத்துவிடுகிறேன். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஈரச் சாக்கால் மூடி மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

அப்புறம் இரண்டு கைப்பிடி எடுத்து ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, நிழலில் ஒரு வாரம் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லது. புளிப்பு, அழுகிய முட்டை, மூக்கில் ஏறும் மூத்திர நெடி, இவற்றில் எது வந்தாலும் இன்னும் வேலை பாக்கி.

சூட்டை வைத்தும் பார்க்கலாம். ஆனால் வீட்டு டிரம் சின்னது, சூடு தங்காது. பழைய அகலவாய் பிளாஸ்க்கில் நனைத்த உரத்தைத் தளர்வாக நிரப்பி, நடுவில் சமையல் தெர்மாமீட்டரைச் செருகி ஐந்தாறு நாள் கவனியுங்கள். (காய்ச்சல் தெர்மாமீட்டர் உதவாது. வீணாக்கிப் பார்த்தவன் சொல்கிறேன்.) ஆய்வுக்கூடங்களில் இதையே பிரத்யேகக் குடுவையில் செய்வார்கள். அறைச் சூட்டைவிட 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாவிட்டால் நன்கு அடங்கிய உரம், அதாவது நுண்ணுயிர்கள் வேலையை முடித்துவிட்டன. 20 டிகிரியைத் தாண்டினால் டிரம்முக்கே திரும்பட்டும்.

இதுவரை பார்த்தது உரம் அடங்கிவிட்டதா என்பதை மட்டும்தான். செடிக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை விதைதான் சொல்லும். ஒரு பங்கு உரத்தை எடைக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கி, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரண்டு தட்டில் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒன்றை இந்த வடிநீரிலும் மற்றொன்றை வெறும் தண்ணீரிலும் நனைத்து, தட்டுக்கு 25 முள்ளங்கி விதை. பச்சைப்பயறு வேண்டாம், பருத்த விதை தன் கையிருப்பிலேயே முளைத்து ஏமாற்றிவிடும்.

மூன்றாம் நாள் எண்ணுங்கள், வேரையும் அளங்கள். ஒருமுறை எனக்கு வெறும் தண்ணீரில் 23 முளைத்து, வேர் சராசரி 4 செ.மீ.; உர நீரில் 20 முளைத்து, வேர் 2.4 செ.மீ. முளைப்பு 87 சதவீதம், வேர் 60 சதவீதம். பெருக்கி நூறால் வகுத்தால் 52. பொதுவாக 80-க்கு மேல் வந்தால்தான் பயமில்லை. முளைத்ததை மட்டும் எண்ணியிருந்தால் பாஸ் போட்டிருப்பேன். குறை வேரில் இருந்தது.

அந்த உரம் கவர் சோதனையில் மணமாகத் தேறிய உரம்! யோசித்தால், கெட்டுப்போன ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயை டிரம்மில் கொட்டியது நானேதான். உப்பு, எத்தனை மாதம் காத்திருந்தாலும் மக்காது. ஆறு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு என்று கலந்து மறுபடி விதை போட்டுப் பார்த்துத்தான் பயன்படுத்தினேன்.

கடை உரப் பையில் கரிம-தழைச்சத்து விகிதம் (தழைச்சத்தைப்போல் கரிமம் எத்தனை மடங்கு என்ற கணக்கு; மக்க மக்கக் குறையும்) 20-க்குக் கீழ் என்று போட்டிருக்கும். நகரக் கழிவு உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்பதும் அதுதான். ஆனால் காய்கறிக் கழிவு பச்சையாக இருக்கும்போதே பல சமயம் 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை; வாங்கினாலும் ஒரு பிடி கவருக்குள் போகும்.

தேறாத உரத்தைக் கொட்ட வேண்டாம். நனைத்துக் கிளறி, வாரம் ஒருமுறை புரட்டி, மூன்று வாரம் கழித்துக் கவரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அவசரமென்றால் முருங்கை மாதிரி வளர்ந்த மரத்தடியில், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி மேலாகப் பரப்புங்கள். நாற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம்.