பரோ கவுன்சில் தேர்தல் முடிவைப் படிக்கையில் சறுக்கும் இடங்கள்

லண்டனில் 32 பரோக்கள், அதாவது உள்ளாட்சிப் பகுதிகள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தின் முதல் வியாழனன்று, அந்தப் பரோ கவுன்சில்களின் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு கவுன்சிலின் இணையதளத்திலும் வார்டு வாரியாகப் பட்டியல் வந்துவிடும்: வேட்பாளர் பெயர், கட்சி, வாக்குகள், வென்றவர் யார். எளிமையான பட்டியல்தான். ஆனால் நாடாளுமன்றத் தேர்தல் முடிவைப் படிக்கிற பழக்கத்தில் இதைப் படித்தால் வாக்குப்பதிவு, வாக்கு வீதம், வித்தியாசம் மூன்றும் பிழையாகிவிடும். இங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது பெரும்பாலான வார்டுகளுக்குப் பொருந்தாது.

பெரும்பாலான வார்டுகளுக்கு இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்கள். மூன்று இடமுள்ள வார்டில் ஒரே வாக்குச்சீட்டில் மூன்று பேர் வரை குறியிடலாம். மூன்றையும் ஒரு கட்சிக்கே போடலாம், பிரித்துப் போடலாம், ஒன்றோடு நிறுத்தியும் விடலாம். நான்காவது குறி விழுந்தால் சீட்டு செல்லாது. அதிக வாக்கு பெற்ற முதல் மூவர் கவுன்சிலர்கள், அவ்வளவுதான். இலங்கையில் விருப்பு வாக்கு போட்டுப் பழகியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதுண்டு. அங்கே முதலில் கட்சிக்கு வாக்கு, பிறகு அதே கட்சிப் பட்டியலுக்குள் மூன்று விருப்பு. இங்கே கட்சிக்கென்று தனி வாக்கு இல்லை, விகிதாசாரமும் இல்லை.

இதை ஒரு கற்பனை வார்டில் போட்டுப் பார்ப்போம். பதிவான வாக்காளர் 10,000. பெட்டியில் விழுந்த சீட்டுகள் 3,600. அதில் 20 செல்லாதவை. அ கட்சியின் மூவருக்கு 1,700, 1,640, 1,560. ஆ கட்சியின் மூவருக்கு 1,250, 1,200, 1,150. இ கட்சி ஒருவரை மட்டும் நிறுத்தி 800 பெற்றது. ஒரு சுயேச்சைக்கு 600. மொத்தம் 9,900 வாக்குகள்.

முதல் சறுக்கல் வாக்குப்பதிவில். 9,900-ஐ 10,000-ஆல் வகுத்து 99 சதவீதம் என்று யாரும் எழுதமாட்டார்கள், அது கண்ணை உறுத்தும். ஆனால் 9,900-ஐ மூன்றால் வகுத்து 33 சதவீதம் என்று எழுதுவார்கள். அதுவும் தவறே, எல்லோரும் மூன்று குறியும் போடுவதில்லை. சரியான விடை 36 சதவீதம். வாக்குகளை அல்ல, சீட்டுகளைத்தான் எண்ண வேண்டும். அதிகாரபூர்வ அறிவிப்பிலேயே சீட்டுகளின் எண்ணிக்கையையோ வாக்குப்பதிவு சதவீதத்தையோ தேடி எடுங்கள்.

அடுத்தது வாக்கு வீதம். எல்லா வாக்கையும் கூட்டி வகுத்தால் இ கட்சிக்கு 8.1 சதவீதம். ஒவ்வொரு கட்சியிலும் அதிகம் பெற்றவரை மட்டும் எடுத்தால் (1,700, 1,250, 800, 600) அதே கட்சிக்கு 18.4 சதவீதம். செல்லுபடியான 3,580 சீட்டில் எத்தனையில் அதன் பெயருக்குக் குறி இருந்தது என்று பார்த்தால் 22.3 சதவீதம். மூன்று எண்ணும் ஒரே வார்டுக்கு உரியவை. கூட்டி வகுக்கும் முறை, மூன்று பேரை நிறுத்தாத சிறு கட்சிகளை நசுக்கிவிடும். கிரீன் கட்சிக்கும் சுயேச்சைகளுக்கும் பல பரோக்களில் இந்த அநியாயம் நடக்கிறது. கட்சிகளை ஒப்பிட வேண்டுமானால் முதல் வேட்பாளர் முறையே மேல். எந்த முறை என்பதையும் எழுதிவிடுங்கள்.

வெற்றி வித்தியாசத்தையும் பெரும்பாலோர் தவறாகவே சொல்கிறார்கள். 1,700-க்கும் 1,250-க்கும் இடையே உள்ள 450 அல்ல அது. கடைசியாக வென்றவருக்கும் (1,560) முதலில் தோற்றவருக்கும் (1,250) இடையிலான 310தான் அந்த வார்டு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லும்.

ஒரே கட்சியின் மூவருக்குள் 140 வாக்கு இடைவெளி இருப்பதைப் பார்த்து, ‘இவருக்குத் தனிச் செல்வாக்கு’ என்று கதை கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகர வரிசையில் வருகின்றன. மேலே இருப்பவருக்கு அதனாலேயே சில வாக்குகள் கூடும். தபால் வாக்கால் வென்றார் என்ற பேச்சுக்கும் முடிவுப் பட்டியலில் ஆதாரம் கிடைக்காது. எண்ணுவதற்கு முன் தபால் சீட்டுகளை வாக்குச்சாவடிச் சீட்டுகளோடு கலந்துவிடுகிறார்கள்.

இடங்களைப் பார்த்து மக்கள் ஆதரவை அளப்பது அதைவிடப் பெரிய பிழை. 2022-இல் லூயிஷமில் 54 இடங்களையும் லேபர் கட்சியே அள்ளியது. மற்றக் கட்சிகளுக்கு வாக்கே விழவில்லை என்பது அதன் பொருள் அல்ல. பல இட வார்டில் முதலிடத்துக் கட்சி சற்றே முன்னால் இருந்தாலும் மூன்று இடமும் அதற்கே போய்விடும். வான்ட்ஸ்வொர்த்தில் 2018-இல் லேபருக்கு மொத்த வாக்கு சற்றுக் கூடுதல். ஆனாலும் இடங்கள் கன்சர்வேட்டிவ் 33, லேபர் 26, சுயேச்சை 1. நான்கு ஆண்டு கழித்துத்தான் ஆட்சி மாறியது.

கூடியது, குறைந்தது

பட்டியலில் +3, −11 என்று வரும் மாற்றக் கணக்கை நம்பி எழுதுவதற்கு முன் இரண்டு கேள்வி. எதோடு ஒப்பிட்டது? மொத்த இடங்கள் அப்படியே இருக்கின்றனவா?

தமிழர்கள் கணிசமாக வாழும் ஹாரோ நல்ல பாடம். 2018-இல் 63 இடங்கள்: லேபர் 35, கன்சர்வேட்டிவ் 28. 2022-இல் வார்டு எல்லைகள் மாறி இடங்கள் 55 ஆகின: கன்சர்வேட்டிவ் 31, லேபர் 24. கன்சர்வேட்டிவுக்கு மூன்றுதான் கூடியது என்று படித்தால் சின்ன நகர்வுபோலத் தெரியும். கவுன்சிலே எட்டு இடம் சுருங்கியிருக்கையில் கிடைத்த மூன்று அது. பங்காகப் பார்த்தால் 44 சதவீதத்திலிருந்து 56 சதவீதம், ஆட்சியே கைமாறியது. எல்லை மாறிய இடத்தில் வார்டுக்கு வார்டு ஒப்பிடவே கூடாது. பெயர் பழையதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தெருக்கள் வேறாக இருக்கலாம். இடைத்தேர்தலும் கட்சித் தாவலும் இன்னொரு தொல்லை. போன முழுக் கவுன்சில் தேர்தலோடு ஒப்பிடுகிறீர்களா, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் நிலவரத்தோடா என்பதைப் பொறுத்து மாற்றம் வேறுபடும்.

லண்டனுக்கு வெளியே ஒரு கூடுதல் பொறி உண்டு. ஓல்டம் போன்ற மெட்ரோபொலிட்டன் (பெருநகரப் பகுதி) பரோக்களில் வழக்கமாக ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத்தான் தேர்தல். அங்கே மொத்தம் 60 இடங்கள், வழக்கமான ஆண்டில் போட்டி 20-க்கு. அந்த 20-இல் 11 வென்ற கட்சி ‘பெரும்பான்மை பெற்றது’ என்று எழுதினால் அது பொய். வேண்டியது 31, மீதி 40 இடம் யாரிடம் என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

யார் கையில் அதிகாரம்

அதிக இடம் பெற்ற கட்சிதான் ஆளும் என்று நினைப்பவர்கள் 2022-இன் குரோய்டனைப் பார்க்கலாம். 70 இடங்களில் லேபர் 34, கன்சர்வேட்டிவ் 33, கிரீன் 2, லிபரல் டெமாக்ரட் 1. பெரும்பான்மைக்கு வேண்டிய 36 யாருக்கும் இல்லை. முடிவு அட்டவணையில் இதைத்தான் என்.ஓ.சி. (நோ ஓவரால் கன்ட்ரோல்) என்று குறிப்பார்கள். ஆனால் அங்கே மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஜேசன் பெர்ரி 589 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அமைச்சரவை போன்ற குழுவை அமைப்பது அவர்தான். அவர் வைக்கும் பட்ஜெட்டைக் கவுன்சில் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதாவது இரண்டாமிடக் கட்சியே பரோவை நடத்தியது.

நேரடி மேயர் இருக்கும் லண்டன் பரோக்கள் அப்போது ஐந்து: நியூஹம், ஹாக்னி, லூயிஷம், டவர் ஹாம்லெட்ஸ், குரோய்டன். மற்ற இடங்களில் பெருமைக்குரிய சங்கிலி அணிந்த மேயர் கவுன்சிலர்களால் ஆண்டுதோறும் தேர்வாகும் கூட்டத் தலைவர் மட்டுமே. அதிகாரம் கவுன்சில் தலைவரிடம் (லீடர்). அதற்காக அந்தச் சங்கிலியைக் கேலி செய்யவும் வேண்டாம். வாக்கெடுப்பு சமமாக முடிந்தால் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அந்த மேயருக்கு இன்னொரு வாக்கு உண்டு, இழுபறிக் கவுன்சிலில் அது ஒன்றே ஆட்சியைத் தீர்மானிக்கும்.

மேயர் வாக்குகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. 2022 வரை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு குறி போடலாம். 2023 மே தேர்தல்களில் அது போய் ஒரே குறி ஆனது.

‘டெபாசிட் போச்சு’ என்று எழுதாதீர்கள். கவுன்சிலர் பதவிக்கு நிற்க இங்கிலாந்தில் டெபாசிட்டே கிடையாது. நேரடி மேயர் பதவிக்குத்தான் 500 பவுண்டு, 5 சதவீதம் தாண்டாவிட்டால் திரும்ப வராது.

சமநிலையில் மறுதேர்தல் வரும் என்பதும் தவறு. மறு எண்ணிக்கையிலும் சமமாக நின்றால் தேர்தல் அதிகாரி அங்கேயே குலுக்கல் போட்டு முடித்துவிடுவார். பரோ அல்ல என்றாலும் நார்தம்பர்லாண்ட் கவுன்சிலில் 2017-இல் நடந்தது இதுதான். சவுத் பிளைத் வார்டில் குச்சி எடுத்துத் தீர்த்தார்கள். லிபரல் டெமாக்ரட் வென்றார், கன்சர்வேட்டிவ் 67-இல் 33-ஓடு ஒரு இடம் குறைந்து நின்றது.

வாட்ஸ்அப்பில் மறுநாள் காலையில் சுற்றும் ‘மறு எண்ணிக்கை கேட்டிருக்கிறார்கள்’ என்ற செய்தியைத் தாராளமாகப் புறக்கணிக்கலாம். முடிவு அறிவிக்கும் முன் வேட்பாளரோ அவருடைய முகவரோ கேட்டால்தான் உண்டு, நியாயமில்லை என்றால் அதிகாரி மறுக்கவும் செய்யலாம். அறிவித்த பிறகு எண்ணிக்கையில் பிழையே தெரிந்தாலும் அவரால் திருத்த முடியாது. தேர்தல் நாளிலிருந்து 21 நாளுக்குள் தேர்தல் மனு போட்டு நீதிமன்றம் போக வேண்டும்.