மறதிநோயும் வலியும்: வீடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“டிமென்ஷியா வந்தவர்களுக்கு வலியைச் சொல்லத் தெரியாது” என்றுதான், மறதிநோய் (டிமென்ஷியா) உள்ளவரின் வலியைக் கண்டுகொள்ள வீட்டாருக்குச் சொல்லித்தரும் பல வீடியோக்கள் தொடங்குகின்றன. முதல் தவறே அதுதான். ஆரம்ப, நடுக் கட்டங்களில் பலர் சொல்வார்கள். நாம் கேட்கும் விதம்தான் சரியில்லை. “நேத்து வலிச்சுதா?” என்றால் நினைவிருக்காது. முழங்காலில் கை வைத்து, “இப்ப இங்க நோகுதா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். “வலி இல்லை” என்பவரே “குடையுது”, “கடுக்குது”, “இழுக்குது” என்பார். இந்தச் சொற்களை வைத்தே ஒரு வீடியோ எடுக்கலாம்.

பேச்சு நின்றவர்களுக்கு 2003இல் வெளியான பெயினாட் (PAINAD) என்ற வலி அளவுகோல் உதவும். மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. ஐந்தையும் ஒரே நிமிடத்தில் ஒப்பித்தால் எதுவும் மனதில் நிற்காது. வீடியோவுக்கு ஒரு அறிகுறி போதும். படுத்திருப்பவரை மட்டும் காட்டாதீர்கள். சும்மா இருக்கையில் அமைதியாக இருப்பவர், சட்டை மாட்டக் கையைத் தூக்கியதும் புருவம் நெரித்து, பல்லைக் கடித்து, நம் கையைத் தள்ளுவார். வீட்டில் அதைக் கோபம் என்பார்கள். தோள்மூட்டு வலியாக இருக்கலாம். ஆனால் மதிப்பெண் கூடினாலே வலிதான் என்று முடிவுகட்டாதீர்கள். பயம், பசி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாவற்றிலும் இதே முகம் வரும்.

நோயாளியையே படம் பிடிப்பது பெரிய தவறு. யோசித்துச் சம்மதம் சொல்லும் நிலையில் பலர் இருப்பதில்லை. முகத்தை மங்கலாக்கினாலும் குரலும் வீடும் காட்டிக்கொடுக்கும். செவிலியர் ஒருவர் நடித்துக் காட்டினாலே போதும்.

மாத்திரை அளவு சொல்லவே வேண்டாம். அந்த ஒரு காட்சி மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்பில் சுற்றும். பாராசிட்டமால் பல சளி மாத்திரைகளிலும் இருப்பதால் தெரியாமலே இரட்டிப்பாகி ஈரல் கெடும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை முதியவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கும். நார்வேயில் மறதிநோய் உள்ள 352 பேரிடம் எட்டு வாரம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வலிக்குப் படிப்படியாகச் சிகிச்சை தந்ததும் கொந்தளிப்பு குறைந்தது உண்மை. அதை “கோபத்துக்குப் பாராசிட்டமால்” என்று தலைப்பிடுவது ஆபத்து.

பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். முனகலைக் கேட்கப் பழக்கும் வீடியோவில் அந்த முனகலையே இசை அமுக்கிவிடுகிறது. எழுத்தைத் திரையின் அடியில் போட்டால் செயலியின் தலைப்பும் பொத்தான்களும் மறைத்துவிடும். நடுவில், பெரிதாக, வரிக்கு நான்கைந்து சொல்லாகப் போடுங்கள்.

கடைசிக் காட்சியில் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மூன்றையும் ஐந்து விநாடி நிறுத்திவையுங்கள்: எந்த அசைவில், எத்தனை நாளாக, எதைச் செய்தால் தணிகிறது.